புதுக்கோட்டைச் சீமையில் இரண்டு நாள்

குடும்பத்துடன் மோட்டாரில் யாத்திரை போவதென்றால் முதல் சண்டை வாசற்படி தாண்டுவதற்கு முன்பே ஆரம்பமாகிவிட வேண்டும். ஆரம்பமாகாவிட்டால் ஏதோ அபசகுனம் என்றே நாங்கள் நினைப்பது வழக்கம். சென்ற தை மாதத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்து கிளம்பியபோது சகுனம் மிக நன்றாயிருந்தது.

சண்டைக்குக் காரணம் இதுதான். எங்கள் தாயாருக்கு வயது 74. "க்ஷேத்திர யாத்திரை" என்று சொல்லித்தான் அவரை வண்டியில் ஏற்றினோம். ஏறி உட்கார்ந்ததும், "எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தீபாராதனை?" என்று கேட்டார். கொடும்பாளூர் மூவர் கோவில், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை என்பது எங்கள் ஜாபிதா. இவற்றில் மூவர் கோவிலில் பூஜை நின்று எத்தனையோ காலமாயிற்று. சித்தன்னவாசலோ சமணர்களுடைய குகை. விஷயத்தை ஒளிக்க முடியாமல் உடைத்துச் சொன்னோம்.

"பூஜையில்லாத கோவிலுக்கு யாத்திரை போவதும், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு விருந்து போவதும் ஒன்றுதான்" என்றார் தாயார்.

அதற்குப் பிறகு விராலிமலை வரையில் வண்டியில் ஒருவரும் பேசவில்லை. பேசியது ஒரே ஓர் அம்மாள். கைப்பேசிக்குள் உட்கார்ந்துகொண்டு வழி சொல்கிறாரே, அவர். நாங்கள் காப்பி சாப்பிட நிறுத்தியபோதுகூட, "திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்" என்று அவர் மன்றாடியதைக் கேட்டுத் தாயார் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியது. தம் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்ட திருப்தி! விராலிமலையில் முருகனைச் சேவித்து, மயில்களையும் பார்த்த பிறகு நிலைமை இன்னும் கொஞ்சம் சீர்ப்பட்டது.

கொடும்பாளூருக்குப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவள் எங்கள் மகள். அவளுக்கு வயது 13. 1950 முதல் 1954 வரையில் தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலைச் சென்ற கோடை விடுமுறையில் படித்து முடித்தவள். கொடும்பாளூர் இளவரசி வானதியின் ஊரைப் பார்க்காமல் இந்தச் சாலையில் போவது பாவம் என்று அவள் தீர்மானித்திருந்தாள். கதையில் வரும் வானதிக்கு வெகு காலம் முன்பே பெயர் பெற்ற ஊர் இது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழி பிரிகிற இடமாக இவ்வூர் வருகிறது. இடங்கழி நாயனார் ஆண்டதும் இங்கேதான்.

பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவர் தம் பெயரால் ஒரு விமானமும், கற்றளி, வரகுணை என்ற தம் இரு தேவியர் பெயரால் இரண்டு விமானங்களும் இங்கே எடுப்பித்தார். நடுக்கோவிலின் தென்புறச் சுவரில் கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருதச் சாஸனம் இதைக் கூறுகிறது. அவருடைய முன்னோர்களின் வம்சாவளியையும், மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு அவர் பெரிய மடம் ஒன்றைக் கொடுத்த செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது. மூன்றில் இன்று நிற்பவை நடுக்கோவிலும் தென்கோவிலுமாக இரண்டுதான். வடக்கே மூன்றாவது கோவில் இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. சுற்றிலும் இருந்த சிறு கோவில்களும் அப்படியே, இடுப்பளவுக்குக் கூட எழாத கல் வரிசைகளாகப் புல்தரையில் தெரிகின்றன.

"எந்த ராணியின் கோவில் போயிற்று?" என்று பையன் கேட்டான்.

"சந்தேகம் என்ன? ராஜாவைக் கேள்வி கேட்டவளுடையதாக இருக்கும்" என்று வண்டி ஓட்டி வந்த மைத்துனர் சொன்னார். நம் இல்லத்தரசி அவரைத் தமக்கை என்ற உரிமையோடு ஒரு பார்வை பார்த்தார். அவர் உடனே அர்த்தநாரீசுவரர் சிலையைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டார். காட்ட வேண்டிய சிலைதான் அது. ஒரே கல்லில் பாதி உடம்பு வீரமாகவும் பாதி உடம்பு நாணமாகவும் நிற்பதற்கு உளிக்கு எவ்வளவு நிதானம் இருந்திருக்க வேண்டும்! தாயார் வண்டியை விட்டு இறங்கவில்லை. பிறகு ஊருக்குள் பூஜை நடக்கும் முசுகுந்தேசுவரர் கோவிலுக்கு அழைத்துச் சென்றோம். விபூதி கிடைத்தது, சமாதானமும் கிடைத்தது.

குடுமியான்மலையில் எல்லாக் கட்சிக்கும் ஏதாவது உண்டு. இங்கே எழுந்தருளியிருக்கும் ஸ்வாமிக்குச் சிகாநாதர் என்று திருநாமம். குடுமி வந்த கதையைத் தாயார்தான் குழந்தைகளுக்குச் சொன்னார். கோவில் அர்ச்சகர் ஒருவர் ஸ்வாமிக்கு வைத்திருந்த பூவைத் தம் காதலிக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து அரசன் வந்துவிடவே, அவள் தலையிலிருந்த பூவைத் திரும்ப வாங்கி அரசனுக்குப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் தலைமயிர் ஒட்டியிருந்தது. "இது எப்படி வந்தது?" என்று அரசன் கேட்க, "எங்கள் ஸ்வாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா" என்று அர்ச்சகர் ஒரு போடு போட்டார். அரசன் போய்ப் பார்த்தால் லிங்கத்தின் மேல் உண்மையாகவே குடுமி! பக்தன் பொய் சொன்னாலும் பகவான் கைவிடுவதில்லை என்று தாயார் முடித்தார். பையன் இந்தப் பாடத்தை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து எங்களுக்குக் கொஞ்சம் கவலையாயிருந்தது.

முன் மண்டபத்துத் தூண்களில் உள்ள பெரிய சிற்பங்களைப் பற்றி எழுத இடம் போதாது. ஹிரண்யனை மடியில் கிடத்திய நரசிம்மரை மட்டும் ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் இவ்வூரின் உண்மையான அதிசயம் மேலைக்கோவில் என்ற குகைக்கு அருகில், பாறைச் சரிவில் வெட்டியிருக்கிறது. அது சங்கீதக் கல்வெட்டு. 1904ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. எழுத்தின் அமைப்பைக் கொண்டு 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்று மதிப்பிடுகிறார்கள். மத்திமக் கிராமம், ஷட்ஜக் கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்திமம், கைசிகம் என்ற 7 ராகங்களுக்கு உரிய ஸ்வரக் கோவைகள் நான்கு நான்காகப் பிரிந்து வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஸ்வரம் ஸ, ஸி, ஸு, ஸெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. ருத்ராசாரியரின் சிஷ்யரும் பரம மாகேசுவரருமான ஓர் அரசர் சிஷ்யர்களின் நன்மைக்காக இவற்றை இயற்றியதாக முடிவில் கண்டிருக்கிறது. அரசர் தம் பெயரை எழுதவில்லை. மகேந்திரவர்மப் பல்லவர் என்று முன்பு சொன்னார்கள். அதற்குச் சாஸனத்தில் ஆதாரம் இல்லை. கீழே தமிழில் ஒரு வரி மட்டும், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தெரிவிக்கிறது.

எங்கள் மகள் பாட்டு வகுப்புக்குப் போகிறவள். பாறை முன்னால் வெகு நேரம் நின்றாள். "இது பாட்டு நோட்டு, அப்பா. எங்கள் டீச்சர் எழுதிக் கொடுக்கிற மாதிரியே வரிசை வரிசையாக இருக்கிறது" என்றாள். பெரிய பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்படாத நெருக்கம் இந்த ஒரு வார்த்தையில் ஏற்பட்டது. காகித நோட்டு கிழிந்துபோகும் என்று பயந்த வாத்தியார் ஒருவர் மலையையே நோட்டாக எடுத்துக்கொண்டுவிட்டார்!

சித்தன்னவாசலுக்கு வந்து சேரும்போது பிற்பகல் மூன்று மணி. முதலில் மலையின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஏழடிப்பட்டம். தாயாரையும் நம் இல்லத்தரசியையும் கீழே மர நிழலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறினோம். பாறையின் விளிம்பில் காலை ஊன்றக் குழிகள் வெட்டியிருக்கின்றன. வழுக்கினால் நேரே கீழே போய்விடலாம். அதற்குக் குழி வேண்டியதில்லை. உள்ளே இயற்கையான குகையில் தலையணையும் சேர்த்துச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். மழமழவென்று தேய்ந்திருக்கின்றன. அவற்றில் மிகப் பழமையான படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இருக்கின்றன. எருமைநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒரு துறவிக்கு இளயர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை அது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மற்றப் படுக்கைகளில் சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்களின் பெயர்கள்: திருநீலன், திருச்சாத்தன், இன்னும் சிலர்.

இங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. மலையில் நாங்கள் ஏறிய வழியெல்லாம் நம் காலத்துப் பெருமக்களும் தங்கள் நாமதேயங்களைப் பொறித்திருந்தார்கள். பெயர், ஊர், தேதி, அம்பு தைத்த இருதயம் எல்லாம் முறைப்படி இருந்தன. திரும்பி இறங்குகையில் பையன் பின்தங்கினான். போய்ப் பார்த்தால் கையில் ஒரு கூர்ங்கல். பாறையில் அவன் பெயரின் முதல் எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. நாங்கள் கோபித்துக்கொண்டோம். அவன் அழவில்லை. "உள்ளே படுக்கையில் திருநீலன் எழுதியிருக்கிறானே? அதை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தீர்களே? என் பெயர் மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்டான்.

நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சட்டம் என்று சொன்னோம். புராதனச் சின்னம் என்று சொன்னோம். "திருநீலன் எழுதும்போது அதுவும் புதிசுதானே?" என்று மேலும் மடக்கினான். 10 வயதுப் பையன்களோடு தர்க்கம் செய்வதைப் பாறையில் முட்டிக்கொள்வதற்கு ஒப்பிடலாம். வழக்கு மர நிழலுக்குப் போயிற்று. தாயார் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு பேரனைப் பார்த்து, "அவர்கள் அந்தக் கல்லில் எத்தனை நாள் படுத்தார்கள்?" என்று கேட்டார்.

"ஆயுசு முழுக்க என்று மாமா சொன்னார். சில பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு அதிலேயே செத்துப்போனார்களாம்."

"நீ எத்தனை நாழி படுத்தாய்?"

பையன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். தீர்ப்பு அவ்வளவுதான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை. பாறையில் எழுதிய ஓர் எழுத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

மேற்குச் சரிவில் அறிவர் கோவில். வெளி மண்டபத்துத் தூண்களைப் பார்த்து, இவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கின்றனவே என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில், அதன் நிர்வாகியாயிருந்த டாட்டன்ஹாம் துரையின் முயற்சியால், குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை அவை. குகைக்கு வெளியே பாறையில் ஒரு தமிழ்ச் செய்யுட் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியரான இளங்கௌதமர் என்பவர் உள் மண்டபத்தைப் பழுது பார்த்து முன் மண்டபம் எடுத்தார் என்று அது சொல்கிறது. ஆக, அவர் வந்தபோதே இது பழைய கோவில்.

உள்ளே பார்சுவநாதர் ஐந்தலை நாகத்தின் கீழ் அமர்ந்திருக்கிறார். காவலர் கைவிளக்கை மேற்கூரையின் மேல் அடித்தார். நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. படங்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம் அந்தத் தாமரைக் குளத்தை! பூப்பறிக்கும் இளைஞர்கள், யானை, எருமை, அன்னம் எல்லாம் பளபளவென்று கண் முன்னால் நின்றன. கூரையிலோ மங்கிய பச்சையும் காவியும் கறையுமாக ஏதோ மேகம் போலிருந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நெஞ்சு ஒரு கணம் சோர்ந்துபோயிற்று.

"மீன்!" என்றான் பையன்.

ஆமாம், மீன்தான். தாமரை இலைக்கு அடியில் ஒரு மீன். அதைப் பிடித்துக்கொண்டு கண் நகர்ந்ததும் இன்னொரு மீன். அப்புறம் ஒரு தண்டு. தண்டைத் தோளில் போட்டுக்கொண்ட ஒருவனுடைய வளைந்த முன்கை. குளம் மெள்ள மெள்ள நிரம்பிற்று. நாங்கள் புத்தகத்தில் கண்ட சித்திரத்தைக் கூரையில் தேடிக்கொண்டிருந்தோம். அவன் கூரையில் இருந்ததைப் பார்த்தான். தூணிலுள்ள நடனமாதுகளில் ஒருத்தியின் முகமும் கையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கை நீண்டு வளையும் ஒயிலைப் பார்க்கும்போது, போனது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மிஞ்சியதே போதுமென்று ஆகிவிடுகிறது. ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1920ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஆடு மேய்ப்பவர்களின் சமையல் புகையையும், வௌவாலையும், மழைக் கசிவையும் தாங்கியிருக்கக்கூடிய வர்ணம் அது. நல்லவேளையாக வேகம் குறைந்திருந்தாலும், மங்குவது நின்றுவிடவில்லை. எங்கள் பேரக் குழந்தைகள் வந்து அண்ணாந்து பார்க்கும்போது மீன் இருக்குமா என்ற கேள்வி அந்த இருட்டில் எங்களுக்கு உண்டாயிற்று. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கருவறை மிகவும் சிறியது. நாலைந்து பேர் நின்றால் நெருக்கம். காவலர், நடுவில் நின்று மூச்சை இழுத்து 'ம்' என்று ஒலி எழுப்பச் சொன்னார். நாங்கள் முயன்றோம், ஏதோ முனகல் கேட்டது. தாயார் படியேறி வந்திருந்தார். அவர் நடுவில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் பூஜை அறையில் செய்வது போலவே தாழ்ந்த குரலில் ஒலித்தார். அறை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. கல் எந்தப் பக்கம் பாடுகிறது, மனிதர் எந்தப் பக்கம் பாடுகிறார் என்றே தெரியவில்லை. அவர் நிறுத்திய பிறகும் நாதம் ஒரு கணம் நின்றது.

வெளியே வந்து வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "உள்ளே இருப்பவர்கள் யார் என்றாய்?" என்று கேட்டார்.

"தீர்த்தங்கரர்கள், ஜைனர்களுடைய தெய்வங்கள்."

"நல்ல சந்நிதி" என்று சொல்லிக் கைகூப்பினார். அன்று இரவு புதுக்கோட்டையில் தங்கினோம். தீபாராதனையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மறுநாள் காலை நார்த்தாமலை. சஞ்சீவி பர்வதத்தை அனுமார் தூக்கிச் சென்றபோது சிந்திய துண்டுகள்தான் இங்குள்ள ஒன்பது குன்றுகள் என்பது ஐதிகம். சோழர் காலத்தில் பெரும் வணிகக் குழுவினர் வாழ்ந்த நகரமாயிருந்து, 'நகரத்தார் மலை' என்ற பெயரே இப்படித் தேய்ந்தது என்பது சரித்திரம். மேலமலையில் ஏறும் வழி வெறும் மொட்டைப் பாறை. தாயாரைக் கீழே இருக்கச் சொன்னோம். "நேற்று நீங்கள் காட்டினதைப் பார்த்தேன். இன்றைக்கு நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கிறேன்" என்று செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு முன்னால் நடந்தார். ஒரு பக்கம் பேரனும் ஒரு பக்கம் மைத்துனரும் பிடித்துக்கொண்டார்கள். மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார்.

மேலே சென்றதும் எல்லாருக்கும் மூச்சு நின்றது. ஏறியது பாதிக் காரணம்; மீதிப் பாதி அந்தக் கோவில். பாறையின் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் விஜயாலய சோழீச்சுவரம் மேற்கே பார்த்தது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் எட்டுச் சிறு கோவில்கள் இருந்தன, இப்போது ஆறு. எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள். ஒன்று பழியிலி ஈச்சுவரம். பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைவித்தது. மண்டபமும் நந்தியும் பிற்பாடு சேர்த்தவள் அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை. மற்றது சமணர் குடகு. பெயர்தான் சமணர்; 13ஆம் நூற்றாண்டில் பெருமாள் கோவிலாக மாறிவிட்டது. சுவர் நெடுக 12 விஷ்ணு உருவங்கள், ஆள் உயரத்துக்கு மேல், ஒரே அச்சில் வார்த்தாற்போல நிற்கின்றன. "ஒரு பெருமாளைச் சேவிக்க மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறோம், இங்கே பன்னிரண்டு பேர் நமக்காக வரிசையில் நிற்கிறார்கள்!" என்று தாயார் பூரித்துப்போனார்.

சோழீச்சுவரம் என்ற பெயரைக் கொண்டு விஜயாலய சோழன் கட்டியதென்று முன்பு நினைத்தார்கள். வாயிலில் துவாரபாலகரின் காலடியில் உள்ள சிறு கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. இந்தக் கற்றளியைச் செய்வித்தவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையன். மழை இடித்து அது அழிந்துபோக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதி அரையன் அதைப் புதுப்பித்தான். மைத்துனர் விரலால் தொடாமல் காட்டிக் காட்டிப் பையனுக்குப் படித்துச் சொன்னார். பையன், "இரண்டாவது ஆசாமி முதல் ஆசாமியின் பெயரை ஏன் அழிக்கவில்லை?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கும் எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் நேற்றைய கேள்வியைவிட இது எங்களுக்குப் பிடித்திருந்தது.

அப்போது காவலர் சிறு கோவில் ஒன்றின் மேல் எட்டி, கல் இடுக்கிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். அரசங்கன்று, விரல் நீளம்தான் இருக்கும். "இரண்டு மழைக்கு விட்டுவிட்டால் வேர் உள்ளே போய்விடும். அப்புறம் கோவிலைப் பிரித்தால்தான் மரத்தை எடுக்கலாம்" என்றார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, கையிலிருந்த நாலைந்து கன்றுகளைப் பாறைக்கு வெளியே எறிந்தார். பையன் அவர் பின்னாலேயே போய், தன் கைக்கு எட்டிய இடுக்குகளையெல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். ஒரு கன்று அகப்பட்டது. அவரிடம் காட்டி அனுமதி கேட்டுவிட்டுப் பிடுங்கினான்.

கிளம்பும்போது காவலர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வந்தவர்கள் பெயர், ஊர், அபிப்பிராயம் எழுதுகிற புத்தகம். பையன் எல்லாருக்கும் முந்திக்கொண்டு பேனாவை வாங்கினான். நாக்கை நீட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, தன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரின் தலையெழுத்தோடு எழுதினான்; ஊரை எழுதினான். அபிப்பிராயம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, "12 பெருமாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது" என்று எழுதினான்.

தாயாரும் பேனாவைக் கேட்டு வாங்கி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அபிப்பிராயம் ஒன்றும் எழுதவில்லை. காவலரிடம் விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பணம் கொடுத்தார். பிறகு எல்லாரும் அவசர அவசரமாகப் பாறையில் இறங்கினோம். கீழே முத்துமாரியம்மன் கோவிலில் உச்சிக்காலத் தீபாராதனைக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது.